தள்ளுபடியார் போட்ட க்ளெய்ம்

ஊரார் போட்ட பொய் க்ளெய்ம்களைத் தள்ளித் தள்ளியே உத்தியோகத்தை முடித்த தள்ளுபடியார், தானும் ஒரு பொய் க்ளெய்ம் போடுவது என்று ஒரு காலையில் பல் தேய்க்கும்போது தீர்மானித்தார். தீர்மானம் செய்த சூட்டில், பல் தேய்த்ததை மறந்து இன்னொரு தரம் தேய்த்தார்.

தள்ளுபடியார் என்பது அலுவலகம் சூட்டிய பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் அவர் மேசைக்குப் போன ஃபைல் சிரித்த முகத்தோடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் பக்கத்துக்கு வந்ததும், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பெயர் இருக்கும் இடத்தில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்து மூடிவிடுவார். பெயர் தெரிந்தால் முகம் தெரியும், முகம் தெரிந்தால் மனசு இளகும், மனசு இளகினால் கம்பெனிக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட மனிதர் பொய் க்ளெய்ம் போடத் துணிந்ததற்குக் காரணம் இருந்தது. நரம்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அல்சைமர் என்றும், ஆரம்ப நிலைதான் என்றும் சொல்லியிருந்தார். ஆரம்ப நிலை என்பதை டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். தள்ளுபடியாருக்கு இடியாக விழுந்தது அந்த வார்த்தைதான்.

ஏனென்றால் அவரிடம் பாலிசி இருந்தது. வீட்டோடு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுமளவுக்கு மாதாமாதம் தரும் பாலிசி. அதில் இந்த நோயின் பெயரும் அச்சாகியிருந்தது. ஆனால் பெயர் இருந்தால் போதாது, வரையறைக்குள் அடங்க வேண்டும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையைவிட்டு எழுவது, அறைக்கு அறை நடப்பது ஆகிய ஆறில் குறைந்தது மூன்று அடுத்தவர் கை இல்லாமல் முடியாது என்று ஆக வேண்டும். 'ஞாபகக் குறைவு மட்டும் நோயாகக் கொள்ளப்படாது' என்று ஒரு வரியும் உண்டு. கட்டிய மனைவியின் பெயரையே ஒருவன் மறந்து போகலாம். பனியனைத் தானே மாட்டிக்கொண்டால் அவன் கம்பெனி கணக்கில் ஆரோக்கியசாலி. இந்த வரையறையை எழுதிய குழுவில் மூளையாக இருந்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கு அதற்காக அவருக்குக் கைதட்டினார்கள்.

தான் போட்ட வேலிக்கு வெளியே இப்போது அவரே நின்றுகொண்டிருந்தார். மூன்று வேலைகள் கைவிட்டுப் போக இன்னும் கொஞ்ச காலம் ஆகும். அதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். அந்தப் பிறந்தநாளோடு பாலிசி முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தாராளமாக எதை வேண்டுமானாலும் மறக்கலாம், கேட்க நாதி கிடையாது.

நாதியாக ஒருத்தி இருந்தாள். அவர் மனைவி. முன் அறையில் தையல் மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுத்தவள். ஒரு நாள் நூல்கண்டு வாங்கப் போன தள்ளுபடியாரைப் போக்குவரத்துக் காவலர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டதிலிருந்து அவள் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டாள். மெஷினில் உட்கார்ந்தால் குனிய வேண்டும், குனிந்தால் அவர் மேல் இருக்கும் கண் போய்விடும். மெஷினுக்குப் போர்வை போர்த்தியிருந்தது. அந்தப் போர்வையைப் பார்க்கும்போதெல்லாம் தள்ளுபடியாருக்கு ஒரே நினைப்புதான். வலிக்கிற முட்டியோடு இவள் தன்னைத் தூக்கி உட்கார வைத்து, தூக்கிப் படுக்க வைத்து, ஒரு நாள் இவளும் விழுவாள். அதற்குள் இவளுக்கு ஓர் ஆள் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறக்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

அதனால் நடிப்பது என்று முடிவாயிற்று. வேலை முடியாமல் போகும்வரை காத்திருக்க முடியாது. முடியாத மாதிரி காட்ட வேண்டும். க்ளெய்ம் போட்டார். வீட்டுக்கு வந்து நேரில் பார்க்க அதிகாரி வருவதாகக் கம்பெனியிலிருந்து தகவலும் வந்தது. தள்ளுபடியார் மனைவியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"நீ ஒண்ணும் பெருசாச் சொல்ல வேண்டாம். தினமும் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடறேன்னு சொல்லு. அது போதும்."

"நான் போட்டு விடறதில்லையே."

"தெரியும். அதனாலதான் சொல்லச் சொல்றேன்."

"பொய் எனக்கு வராதுங்க. முழிச்சுடுவேன்."

"முழிச்சா இன்னும் நல்லது. கவலையில முழிக்கிறேன்னு எடுத்துப்பாங்க."

அவள் மாட்டேன் என்றுவிட்டாள். முப்பது வருஷம் நாலு பேர் வீட்டுக் கஷ்டத்தைப் பொய் என்று எழுதியவர், சொந்த வீட்டுப் பொய்யை உண்மை என்று எழுதப் பார்ப்பது அடுக்குமா என்று கேட்டாள். பிறகு, பாலிசியில் பணம் வாங்க இரண்டாவது வழியாக 'ஆ' பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்றும் கேட்டாள். தினமும் சாப்பாட்டு மேசையில் க்ளெய்ம் கதையாகவே கேட்டுக் கேட்டு, கம்பெனியில் சேராமலே அவளும் பாதி அதிகாரி.

தள்ளுபடியார் சிரித்தார். 'ஆ' பிரிவு என்பது 'தன் நலனைத் தானே காத்துக்கொள்ள இயலாமல், பிறரின் இடைவிடாத கண்காணிப்பில் இருத்தல்'. அலமாரியில் வைக்கும் பீங்கான் கோப்பை மாதிரி அது பார்வைக்கு மட்டும். அதை நிரூபித்துக் காசு வாங்கின ஆள் ஒருவன்கூட இல்லை. வாங்க விட்டிருந்தால் அவர் எதற்கு அங்கே இருந்தார்? இதையெல்லாம் விளக்கிவிட்டு, தையல் வேலையைத் தவிர வேறு எதிலும் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார். அவள் "சரிங்க" என்றாள். அவள் அத்தனை சீக்கிரம் சரி என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை அவர் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார். இப்போது அதுவும் மறந்திருந்தது.

ஒத்திகை தொடங்கியது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக் காட்ட வேண்டும். தள்ளுபடியார் கண்ணாடி முன்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றிப் போடப் பார்த்தார். கை கேட்கவில்லை. மேலிருந்து கீழ்வரை அணிவகுப்பு மாதிரி சரியாகப் போட்டுவிட்டது. அவிழ்த்தார், போட்டார், மறுபடி சரி. சலித்துப் போய் ஒத்திகையை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தார். வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். போட்டிருந்த சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை. அதிலே பொத்தான் எல்லாம் ஒரு ஓட்டை தள்ளி.

"இது ஒத்திகையாங்க?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொத்தான்களைத் தடவிக்கொண்டே நின்றார். டீ ஆறிப் போனது. மனைவி மேலே இருந்த சட்டையை மட்டும் கழற்றி எடுத்து மடித்து வைத்தாள். அன்றைக்கு அவருக்கு வந்த பயம் அதற்கு முன் அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை. நடிக்க வேண்டிய இடத்தில் வராதது, நடிக்காத இடத்தில் வந்து நிற்கிறது. இந்த லட்சணத்தில் அதிகாரி வரும் நாள் எந்த நாளாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அது நல்ல நாளாக அமைந்தது. அதுதான் வந்த வினை.

காலையில் எழுந்தபோதே தள்ளுபடியாருக்கு உடம்பு காற்றாக இருந்தது. தானே குளித்தார். தேய்த்த சட்டை, தேய்த்த கால்சட்டை. பொத்தான் ஒன்றுகூடத் தப்பவில்லை. வாரிய தலை கலையாமல் சாப்பாட்டு மேசையில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் இருந்தது. திட்டம் மட்டும் தலையிலிருந்து சுத்தமாகக் கழன்று போயிருந்தது. ஓய்வு பெற்ற ஞாபகமும் அதோடு போயிருந்தது. அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு வேலைநாள்.

கதவைத் தட்டிக்கொண்டு வந்த அதிகாரி, தள்ளுபடியாருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பழைய உதவியாளர்தான். இப்போது தலை வழுக்கை, கையில் ஃபைல். அலுவலகத்தில் அவரைக் குட்டித் தள்ளுபடி என்பார்கள். வந்தவர் பரிதாபமான ஒரு காட்சியை எதிர்பார்த்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே மாப்பிள்ளை மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. தாமதமா வர்ற பழக்கம் இன்னும் போகலையா? என்ன ஃபைல் அது?" என்றார் தள்ளுபடியார்.

குட்டித் தள்ளுபடி திகைத்துப் போய் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பொத்தான் சரியாக இருந்ததைப் பார்த்தாள், தலை வாரியிருந்ததைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பொய் சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. அவளுக்கோ பொய் சொல்லும் உத்தேசமே இல்லை.

"கேக்கிறாருல்ல, ஃபைலைக் குடுங்க தம்பி."

"அம்மா, அது சார் பார்க்கக்கூடாத..."

"குடுங்க. அவர் பார்க்கிறதை நீங்க பாருங்க."

பழைய மேலதிகாரி கையை நீட்டினால் கொடுத்தே பழகிய கை, தானாகக் கொடுத்துவிட்டது. தள்ளுபடியார் ஃபைலை வாங்கிக் கவிழ்த்து வைத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஸ்கேன், டாக்டர் அறிக்கை, மருந்துச் சீட்டு. ஆகா, எத்தனை நாளாயிற்று இந்தச் சுகத்தை அனுபவித்து. முதல் பக்கம் வந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டு பெயரின் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து பாடம் எடுத்தார்.

நோய் இருக்கிறது, மறுக்கவில்லை என்றார். ஆனால் ஆறில் மூன்று எங்கே? இந்த ஆள் குளிக்கிறான், உடுத்துகிறான், உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆரம்ப நிலை என்று டாக்டரே எழுதியிருக்கிறார். பாலிசி முடியப் போகிற நேரம் பார்த்து அவசர அவசரமாகப் போட்ட க்ளெய்ம். முடியாதவன் மாதிரி நடிக்கப் பார்க்கிறான், நாலு தெருவுக்கு நாற்றம் அடிக்கிறது. பெண்டாட்டி சொல்வதை ஆதாரமாக எடுக்கக்கூடாது. சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கி, ஓரத்தில் பழைய கம்பீரத்தோடு 'தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கையெழுத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

மனைவி மேசைக்கு வந்து கண்ணாடிக் கூட்டை மெதுவாக நகர்த்தினாள். தள்ளுபடியார் பெயரைப் படித்தார். கீழே விலாசத்தைப் படித்தார். மறுபடி பெயரைப் படித்தார்.

"யாரோ நம்ம வீட்டு விலாசத்தைக் குடுத்திருக்கான். இதுவும் மோசடிதான், எழுதிக்கங்க தம்பி," என்றார்.

குட்டித் தள்ளுபடி மூக்கை உறிஞ்சினார். அவருக்கு இனி ஆதாரம் தேட வேண்டியதில்லை. எழுத வேண்டியதை எல்லாம் சாரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தன் க்ளெய்மைத் தானே தள்ளுபடி செய்கிற ஒரு மனிதனைவிடத் தன் நலனைக் காத்துக்கொள்ள முடியாதவன் வேறு யார் இருக்க முடியும்? நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், 'ஆ' பிரிவில் இதை யாராலும் மறுக்க முடியாது, சாராலும் முடியாது என்று வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. இந்தப் பிரிவில் க்ளெய்ம் நின்றால் அவர் நிலைமை அவ்வளவு தூரம் போய்விட்டது என்று ஆகும்; நிற்காமல் போகட்டும் என்றுதான் அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது தள்ளுபடியாருக்கு மூட்டம் கலைந்தது. எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது; வந்தவர், ஃபைல், கையெழுத்து. அந்தக் கையெழுத்து 'ஆ' பிரிவுக்கு எப்பேர்ப்பட்ட ஆதாரம் என்பதும் அந்தத் துறைக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. முதலில் வெட்கம் வந்தது. அப்புறம் கோபம்.

"ஃபைலைக் குடுக்கச் சொன்னது நீதானே? என்னை வெச்சே என்னைக் கவுத்துட்ட."

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலீங்க."

"அதான் தாங்கலை," என்றார் அவர். "நீ பொய் சொல்லிக் கிடைச்சிருந்தா, நான் நல்லாத்தான் இருக்கேன்னு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டிருப்பேன். இப்ப உண்மையாவே கிடைச்சிடும் போலிருக்கே."

அவள் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். தள்ளுபடியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எதற்காகத் தடவுகிறோம் என்பது கொஞ்ச நேரத்தில் அவரைவிட்டுப் போயிற்று. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்தபின் படுக்கையறையிலிருந்து சட்டையோடு பரபரப்பாக வந்தார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே.

"இந்தாம்மா, ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்ற நேரம். கடைசியா ஒரு தடவை ஒத்திகை பார்த்துடலாம். இங்க வா."

வந்துவிட்டுப் போய்விட்டார் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கிட்டே வந்து, வெளியே இருந்த கையைச் சட்டைக்குள் விட்டாள்.

"கேட்டா என்ன சொல்லணும்? தினமும் பொத்தானை நான்தான் போட்டு விடறேன்னு சொல்லணும். சொல்லுவியா மாட்டியா?"

"சொல்லுவேங்க."

தள்ளுபடியாருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாள் பிடிவாதம் பிடித்தவளைக் கடைசியில் பொய் சொல்லச் சம்மதிக்க வைத்தாயிற்று. எவ்வளவு பெரிய கெட்டிக்காரியானாலும் தன்னிடம் வழிக்கு வந்துதானே ஆக வேண்டும்?

"எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டு."

"தினமும் பொத்தானை நான்தாங்க போட்டு விடறேன்," என்றாள் அவள், மூன்றாவது பொத்தானைப் போட்டு முடித்து நாலாவதைத் தேடிக்கொண்டே.