மிச்சாண்டிக்கு ஓர் இலை

பெயரில்லாத எதையும் அகராதி சும்மா விட்டதில்லை. கடவுளே எதிரில் வந்து நின்றிருந்தாலும், "சாமி, உங்களுக்கு இம்புட்டுப் பேரு இருக்கு, உங்க நிழலுக்கு ஒண்ணுகூட இல்லையே" என்று வருத்தப்பட்டிருப்பார்.

எங்கள் ஊரில் ஒருவனை அகராதி என்றால் திமிர் பிடித்தவன் என்று அர்த்தம். இவரோ பரம சாது. எழுபதுகளின் கடைசியில் மதுரை கோரிப்பாளையத்தில் கல்யாணமாகாத நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எங்களில் மூத்தவர் அவர்தான். சைக்கிள் சாமான் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் வார்த்தை செய்வார்; அதனால் வந்த பட்டப்பெயர்தான் அகராதி.

"வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வாசலை மறிச்சு நின்னே பேசுறான் பாரு, அவன் நிலைப்பூட்டு. மாடியில இருந்து எறங்குறப்ப இன்னொரு படி இருக்குன்னு கால வைப்போம், இருக்காது. அது பொய்ப்படி. காரணம் தெரியாததுக்கெல்லாம் பூனை மேல பழி போடுறோம்ல, அது பூனைச்சாக்கு."

சிரித்துக்கொண்டே நாங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லோரும் இலை முன் உட்கார்ந்திருந்தோம். அகராதி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ஆளு கூட இருக்குற மாதிரி தோணுதுல்ல? எண்ணிப் பார்த்தா சரியா இருக்கும். அந்தக் கூடுதல் ஆளுதான் மிச்சாண்டி."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறு ஞாயிறு, சமையல் செய்யும் கருப்பாயி அக்கா ஓர் இலை கூடுதலாகப் போட்டார்.

"எதுக்குக்கா?" என்றேன்.

"பேரு வச்சாச்சு. பேரு வச்ச ஆளைப் பட்டினி போட முடியுமா?"

அந்த இலைக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரில், சாப்பிட்டு எழும்போது தண்ணீர் குறைந்திருந்தது. "பூனை" என்றார் அகராதி. சொன்னவர் முகமே சரியில்லை. அந்த வீட்டில் பூனை வந்து நாங்கள் பார்த்ததில்லை.

சோப்பு காணோம், சட்டைப் பொத்தான் காணோம் என்றாலெல்லாம் மிச்சாண்டிதான் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம், பெருமாள் தன் மீன் துண்டை எடுத்து அந்த இலையில் வைக்கும்வரை.

பெருமாள் சமயநல்லூர்ப் பக்கத்துப் பையன். ஒரு மில்லில் கணக்கெழுதினான். அதிகம் பேசமாட்டான்.

"என்ன மாப்ள இது?" என்றேன்.

"என் தம்பிக்கு மீனுன்னா உசுரு. போன கோடையில கெணத்துல விழுந்து போயிட்டான். இப்ப இங்க வந்துட்டான்."

தம்பி இறந்ததை எங்களிடம் அவன் அதுவரை சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு தினமும் தன் சோற்றையும் அந்த இலைக்கே தள்ளினான். வேலைக்குப் போவதை நிறுத்தினான். சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசுவான். பதில் கேட்டதுபோலத் தலையாட்டுவான். நாங்கள் அந்தப் பக்கம் போகவே பயந்தோம். கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது அவனுக்கு.

"அப்படி ஒண்ணு இல்லடா, நாந்தான் விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று அகராதி எத்தனையோ முறை மன்றாடிப் பார்த்தார். செய்த வார்த்தையைத் திரும்ப வாங்க அவருக்கு வழி தெரியவில்லை.

ஒரு ஞாயிறு சோறு போட்டதும், அகராதி தன் இடத்தை விட்டு எழுந்து போய் அந்தக் கூடுதல் இலையில் உட்கார்ந்தார்.

பெருமாளின் கண் சிவந்துவிட்டது. "எந்திரிங்கண்ணே. அதுல அவன் உக்காந்திருக்கான்."

"இருக்கட்டும். மடியில வச்சுக்கிறேன். சின்னப் பயதானே."

சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, "நீ திங்காம அவன் திங்க மாட்டேங்குறான் மாப்ள. சோத்தைப் பாத்துக்கிட்டே இருக்கான்" என்றார்.

பெருமாள் அவர் மடியையும் அந்த இலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் இலைக்குக் குனிந்தான். அழுதுகொண்டே, குழம்பு கேட்டு வாங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டான். கை கழுவப் பின்பக்கம் போனான்.

கருப்பாயி அக்கா இலைகளை எடுக்க வந்தார். அகராதி பாதி இலையில்தான் சாப்பிட்டிருந்தார். மறுபாதியில் சோறும் ஒரு மீன் துண்டும் அப்படியே இருந்தன. அக்கா அதை மடிக்கக் குனிந்தார்.

அகராதி, பெருமாளுக்குக் கேட்காதபடி, மெல்லச் சொன்னார்: "இருக்கட்டும்க்கா. மெதுவாச் சாப்பிடட்டும்."