ஒன்பது புழுக்கை மேசை

நகரத்தின் மத்தியப் பூங்காவை உலகத் தரத்துக்கு உயர்த்துவது என்று நகர நிர்வாகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. பூங்கா அதுவரை எந்தத் தரத்தில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கொரு குழு அமைத்திருப்பார்கள். பூங்காவும் இன்னும் பத்து வருஷம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கே எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கரகாச் மரத்தடியில் ஒரு கான்கிரீட் மேசை. அதில் பக்கத்துக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய். ஆட்டத்தின் பெயர் தோகுஸ் கோர்கோல். தோகுஸ் என்றால் ஒன்பது. கோர்கோல் என்றால், மன்னிக்க வேண்டும், ஆட்டுப் புழுக்கை. மலையில் மந்தை மேய்த்தவர்கள் கைக்கு அகப்பட்டதை வைத்து ஆடியிருக்கிறார்கள். இப்போது வைத்து ஆடுவது கல்லுருண்டை. ஆனால் எங்கள் கிர்கிஸ் ஜனம் ஒரு பெயரை வைத்துவிட்டால் லேசில் மாற்றாது.

நான் ஜுமாகதிர், மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலிபஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டி ஓய்ந்தவன். ஆயிம்கான் அக்கா பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பாதி ஊரை வெளியே இழுத்துப் போட்ட கை அது. அந்தக் கையிடம் நான் ஆறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். அவள் வீட்டுக்காரர் போன பிறகு மகன் வீட்டில் இருக்கிறாள், இரண்டு அறையில் ஏழு பேர். வாய்விட்டுச் சிரிக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் இந்த மேசை. எனக்கும்தான், ஒத்துக்கொள்ளத்தான் வெட்கமாக இருக்கிறது.

புதிய திட்டப்படி மரத்தையும் மேசையையும் எடுத்துவிட்டு அங்கே ஆள் உயரத்தில் சிவப்பு இதயம் ஒன்று வரும். அதற்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து நகரம் ஒன்று வைத்துவிட்டது, ஆகவே நமக்கும் இதயம் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மேசைக்கோ ஏற்கெனவே ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. மரத்தை வெட்டாதீர்கள், எங்கள் தோகுஸ் கோர்கோல் மேசையின் காலைச் சரிசெய்து கொடுங்கள் என்று பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம்.

மனு கிர்கிஸ் மொழியில். கோப்பு ரஷ்ய மொழியில். நடுவில், நவீனமயத்தை முன்னிட்டு, மொழிபெயர்க்க ஒரு கணினி. மூன்று வாரத்தில் பதில் வந்தது: "பூங்கா மேசை மீது ஒன்பது ஆட்டுப் புழுக்கைகள் கிடப்பது தொடர்பான தங்களது மேலான மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, தக்க மேல்நடவடிக்கைக்காகக் கால்நடைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது."

மறுநாளே கால்நடை டாக்டர் கனிஷாய் வந்துவிட்டாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு குழி குழியாக எண்ணினாள்.

"மொத்தம் நூத்தி அறுபத்திரண்டு இருக்கு. மனுவுல ஒன்பதுன்னுதானே போட்டிருக்கீங்க? மிச்சத்தை ஏன் மறைச்சீங்க?"

"அம்மா, அது கல்லும்மா," என்றேன்.

"தெரியுது. கல்லாத்தான் இறுகியிருக்கு. ஆட்டுக்குத் தண்ணி போதல." எழுதிக்கொண்டாள். "ஆடு எங்க?"

"ஆடே கிடையாதும்மா!"

"ஆடு இல்லாமலா இவ்வளவு வந்துச்சு?" என்று அவள் எங்கள் பதினோரு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். எனக்குக் காது சிவந்துவிட்டது.

அங்கிருந்து நேராக மேம்பாட்டுப் பிரிவு அதிகாரி திலேபால்தியிடம் போனோம். மரியாதை தெரிந்த பையன். உட்காரச் சொன்னான், டீ கொடுத்தான், கோப்பைத் திறந்தான்.

"புழுக்கை இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா கோப்பை மூடிடுவேன் அண்ணே. கோப்பு மூடினா மேசையும் போச்சு, மரமும் போச்சு."

"இருக்குன்னு எழுதிக் குடுத்தா?"

"அப்ப அது ஆட்டுப்பட்டி. பட்டிக்கு நிழல் தர்ற மரத்தை வெட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. கூட்டுப்பண்ணைக் காலத்துச் சட்டம். ரத்து பண்ண மறந்துட்டாங்க."

ஆயிம்கான் அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இதையெல்லாம் நீ நம்புறியா தம்பி? உன்னை வெளிய எடுத்தவ நான். அன்னிக்கே தலைக்குப் பதிலா காலைத்தான் முதல்ல நீட்டினே."

"நம்புறது என் வேலை இல்லக்கா. என் வேலை கையெழுத்து."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"புழுக்கைன்னே போடு," என்றாள்.

இரண்டே மாதத்தில் பட்டி எழும்பியது. பூங்காவின் மற்ற பாகமெல்லாம் மரத்தை வெட்டி, தரையில் ஓடு பதித்து, ஜூலை வெயிலில் அடுப்பாகக் காய்ந்தது. இதயத்தை வேறொரு மூலையில் நட்டார்கள். அதைத் தொட்டவன் கையை ஊதிக்கொண்டு போனான். எங்கள் மூலையில் மட்டும் நிழல், சுற்றிலும் கம்பி வேலி, இறுகிய புழுக்கையை உத்தேசித்துக் குளிர்ந்த குடிநீர்க் குழாய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை. மேயர் வந்து நாடா வெட்டினார். அவர் போனதும் வாசலில் பலகை மாட்டினார்கள்: பட்டிக்குள் மனிதர்கள் நுழையத் தடை.

திலேபால்தியிடம் ஓடினோம். அவன் கலங்கவே இல்லை.

"மனுஷங்கதானே உள்ள போகக்கூடாது?" என்று இழுப்பறையைத் திறந்து, ஆட்டுக் காதில் குத்தும் எண் போட்ட மஞ்சள் வில்லைகளை எடுத்து வைத்தான். "காதுல குத்த வேண்டாம். தொப்பியில மாட்டிக்கிட்டாப் போதும்."

ஒரு நாள் முழுக்க எங்களுக்கு ரோஷம் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம். ஆட்டக்காரர்களாகப் போய் ஆடுகளாகத் திரும்பினோம். அதிலும் ஒன்றாம் எண் யாருக்கு என்று அடிதடி.

"முப்பது வருஷம் ஊரையே ஏத்திக்கிட்டு முன்னால போனவன் நான்," என்றேன்.

"ஒரே கம்பிய புடிச்சுக்கிட்டு ஒரே ரோட்டுல போனே. பெரிய சாதனை!" என்று அக்கா ஒன்றாம் எண்ணை எடுத்துத் தன் தலைக்குட்டையில் குத்திக்கொண்டாள்.

முதலில் ஊர் எங்களைப் பார்த்துச் சிரித்தது. பிறகு வேலிக்கு வெளியே சுடும் ஓட்டுத் தரையில் நின்றுகொண்டு நிழலைப் பார்த்தது. தண்ணீர்க் குழாயைப் பார்த்தது. பரிசோதனை நாளன்று டாக்டர் கனிஷாய் ஒவ்வொருவராக நாக்கை நீட்டச் சொல்லிப் பொறுமையாகப் பார்த்ததையும் பார்த்தது. ஆஸ்பத்திரியில் அப்படிப் பார்த்து யாருக்கும் ஞாபகமில்லை. கைக்குழந்தைக்காரிகள் ஆடாகப் பெயர் பதிந்தார்கள், பிறகு மாணவர்கள், பிறகு தரையில் ஓடு பதித்த ஒப்பந்தக்காரரே பதிந்தார். பட்டியை மூன்று தடவை விரிவாக்கினார்கள். இலையுதிர் காலத்துக்குள் ஆறாயிரம் தாண்டிவிட்டது. நகர எல்லைக்குள் கால்நடைச் செல்வத்தைப் பெருக்கியதற்காக மேயருக்குத் தலைநகரில் பதக்கம் குத்தினார்கள்.

எல்லாம் சரிதான். மேசைக் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மறுபடி மனு எழுதி எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் திலேபால்தியிடம் போனோம். இந்தத் தடவை கோர்கோல் என்ற சொல்லையே எழுதவில்லை.

அவன் மனுவைத் தொடாமல் எங்கள் தலையைப் பார்த்தான். "ஆடுங்ககிட்ட மனு வாங்க விதியில்லக்கா. உங்க உரிமையாளர் வரட்டும்."

"யாருடா எங்க உரிமையாளர்?"

கோப்பைப் புரட்டிப் பார்த்தான். "நகர நிர்வாகம்."

"அது நீதானே! நீயே எழுது."

அவன் மெல்லக் கோட்டு மடிப்பை விலக்கிக் காட்டினான். உள்ளே மஞ்சள் வில்லை, நாலாயிரத்துப் பதினேழு. "ஆபீஸ்ல தண்ணி வர்றதில்லக்கா," என்றான்.

மறுநாள் ஆறு வருஷத்தில் முதல்முறையாக நான் ஜெயிக்கும் நேரம். ஒரே ஒரு காய்தான் பாக்கி. மேசைக் கால் முறிந்து, காயெல்லாம் புல்லில் சிதறியது. அக்கா சிரிக்கவில்லை. உடைந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதினோரு பேரும் மண்டியிட்டு, கையூன்றி, புல்லில் தேடினோம்.

வேலிக்கு வெளியே டாக்டர் கனிஷாய் வந்துகொண்டிருந்தாள். நின்றாள், தலைகளை எண்ணினாள், எழுதிக்கொண்டாள்: "நன்றாக மேய்கின்றன. புகார் எதுவும் இல்லை."