கந்தப்போடியின் முலாம்பழச் சோதனை

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சது ஆரு?"

கந்தப்போடி தோட்டத்தின் நடுவே நின்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இந்தப் போகத்துக்கு இருந்த தெம்பெல்லாம் அவருக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

மணல்திடல் முழுவதும் முலாம்பழங்கள் பழுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அம்மை போட்டது மாதிரிச் சுண்ணாம்புப் பொட்டுகள்.

"நான்தான்," என்றாள் அவர் மனைவி அன்னப்பூரணி, வாடிக் குடிசைக்குள் அடுப்பை ஊதிக்கொண்டே. "நேத்து அந்தியில நீங்க மண்டூருக்குப் போன நேரம் வெச்சன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போச்சு."

"ஏன்கா வெச்சாய்?"

"ஏனா? காத்தான்குடிப் பாவாக் காக்கா வந்து என்ன சொன்னார்? 'இப்படிப் பழம் என்ட சீவியத்தில காணல்ல' எண்டு வாயப் பொளந்துக்கு நிண்டாரா இல்லியா? கண்ணூறு படாதா? நீங்களும் பொட்டு வெச்சிரிக்கீங்க, ஒண்டுக்கு ஒரு பொட்டு, இன்னொண்டுக்கு ரெண்டு பொட்டு. பார்த்தா எனக்கே வெக்கமாப் போச்சு. சுண்ணாம்புக்கும் பஞ்சமா?"

கந்தப்போடி அப்படியே மணலில் குந்தினார்.

அந்தப் பழைய பொட்டுகளை வைத்தவர் அவரல்ல. விவசாயப் போதனாசிரியர் வல்லிபுரம் வைத்தது. கண்ணூறுக்கு வைத்ததும் அல்ல.

நடந்தது இதுதான். போடியார் என்றால் நிலக்காரர். ஆனால் வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில் இந்தப் போடியாருக்கு இருந்த வயல்களெல்லாம் மூன்று பெண்மக்களுக்கும் சீதனமாகப் போய்விட்டன. அந்தப் பக்கத்து வழக்கம் அது. வீடும் வளவும் வயலும் பெண்களோடு போகும். தகப்பனும் தாயும் மிஞ்சுவார்கள். அப்படி மிஞ்சிய இருவரும் வாவிக்கரையில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத இந்த அரசாங்க மணல்திடலில் வாடி கட்டி, கெக்கரியும் பூசணியும் நட்டுக் காலம் தள்ளினார்கள். போகத்துக்கு ஒருமுறை ஊர்த் தலைமைக்காரர் விதானையார் வந்து "காணிய விட்டு எழும்புங்க போடியார்" என்பார். போடியார் "ஓம்" என்பார். எழும்பமாட்டார். எழும்பி எங்கே போவது? மருமகன்மாரின் வீட்டு விறாந்தைக்கா?

அப்போதுதான் வல்லிபுரம் மூன்று பொட்டலத்தில் சீமை விதை கொண்டுவந்தான்.

"மூண்டும் மூண்டு இனம் போடியார். எது இந்த மணலுக்கு ஒத்துவரும், எது தோணியில ஏத்தினா நசியாமப் போகும், எது ருசி, நட்டுப் பார்ப்பம். வியாபாரத்துக்குத் தோதா ஒண்டு வெண்டுட்டுதெண்டா, பெரிய துரை இந்தத் திடலுக்குப் பேமிற் எழுதுவார்."

பேமிற்! காணி அனுமதிச் சீட்டு! அந்தச் சொல்லுக்காகப் போடியார் மாதக்கணக்காக வாவிக்கும் மேட்டுக்குமிடையே குடம் சுமந்தார்.

விதைகளின் வெள்ளைக்காரப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. தம் பெண்மக்களின் கணக்கிலேயே மூத்தவள், நடுவிலாள், இளையவள் என்று அழைத்தார். குணமும் பொருந்தித்தான் இருந்தது. மூத்தவளுக்கு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் காணாது. நடுவிலாள் எல்லோருக்கும் முந்திக் காய்த்தாள், வெயிலுக்கு முந்தி வெடித்தாள். இளையவள் பூப்பதற்கே மனசில்லாமல் பூத்தாள், ஆனால் தோல் தடிப்பு. பழமானபோதோ மூன்றும் ஒரே மாதிரி. ஒரே அளவு, ஒரே மஞ்சள், தோலில் ஒரே வலைப்பின்னல். கச்சான் காற்று வேறு கொடிகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னி வைத்துவிட்டது. அதனால்தான் வல்லிபுரம் வந்து மூத்தவளுக்கு ஒரு பொட்டு, நடுவிலாளுக்கு இரண்டு, இளையவளுக்கு மூன்று என்று அடையாளம் வைத்துவிட்டுப் போனான்.

இன்றைக்கு மத்தியானம் துரை ருசி பார்க்க வருகிறார்.

விஷயத்தைக் கேட்டதும் அன்னப்பூரணி வாடியை விட்டு வெளியே வந்து பழங்களைப் பார்த்தாள். பிறகு, "இதுக்குப் போய்க் குந்திக்கிட்டு இரிக்கீங்களே," என்றாள். "அவர்ட பொட்டு பழசு. என்ட பொட்டு புதுசு. தண்ணி ஊத்தினாப் புதுசு கழண்டிரும், பழசு நிக்கும்."

களைத்த மனிதருக்கு அடுத்தவர் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் படும். போடியார் குடத்தைத் தூக்கினார்.

ஊற்றிப் பார்த்தால் நடந்தது நேர்மாறு. வெயிலில் காய்ந்து பொரிந்திருந்த வல்லிபுரத்தின் பொட்டுகள் தண்ணீர் பட்டதும் உதிர்ந்து போயின. அன்னப்பூரணியின் பொட்டுகள் அசையவில்லை.

"கஞ்சி கலந்து குழைச்சனான்," என்றாள் அவள், மெதுவாக. "கெட்டியா நிக்கட்டுமெண்டு."

போடியார் குடத்தை வைத்துவிட்டுக் கொடிகளுக்குள் குனிந்தார். கொடியைப் பிடித்துக்கொண்டே போனால் அடியைக் கண்டுபிடிக்கலாம், அடி தெரிந்தால் இனம் தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. முதல் பழத்தின் கொடியைப் பற்றி மெல்ல இழுத்தார். பழம் காம்பு கழன்று உருண்டது. அடுத்ததைத் தொட்டார். அதுவும் உருண்டது. பழுத்த முலாம்பழத்துக்குக் கத்தி வேண்டாம், அசைத்தாலே போதும். பின்னிக் கிடந்த கொடிகளில் ஒன்றை இழுத்தால் ஒன்பது அசைந்தன. வெயில் ஏறுவதற்குள் கொடி ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம் என்று தோட்டமே பிரிந்து கிடந்தது.

"ஓ போடியார்! அறுவட முடிச்சாச்சா?"

காத்தான்குடிப் பழ வியாபாரி முகைதீன்பாவா தோணியிலிருந்து இறங்கி, சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். நடந்ததைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது.

"அல்லாஹ் மனுசனுக்கு மூக்கை எதுக்குத் தந்திரிக்கான்? தள்ளுங்க," என்று மணலில் சம்மணம் போட்டார். ஒவ்வொரு பழத்தையும் எடுத்துக் காம்புக் குழியில் மூக்கை வைத்து இழுத்தார். சிலதை மோந்து தலையாட்டினார். சிலதுக்கு முகத்தைச் சுளித்தார். பார்த்துக்கொண்டிருக்க மூன்று குவியல் எழும்பியது.

"இது மூத்தவள், இது நடுவிலாள், இது இளையவள்," என்றார்.

"நிச்சயமாத் தெரியுமா காக்கா?"

"மணம் கூடினது, நடுத்தரம், மணமே இல்லாதது எண்டு பிரிச்சிரிக்கன். அதுக்குள்ள உங்கட எந்த மகள் எங்க இரிக்காளெண்டு எனக்கென்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்து வல்லிபுரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் புதையப் புதைய வந்து சேர்ந்தான். தோட்டத்தைப் பார்த்தான். சைக்கிளைக் கீழே போட்டான்.

"என்ட பொட்டெல்லாம் எங்க?"

அன்னப்பூரணி வாடிக்குள் போய்விட்டாள். போடியார்தான் சொன்னார். கேட்கக் கேட்க வல்லிபுரம் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டே போனான்.

"துரைக்கு என்னெண்டு சொல்றது? 'சேர், போடியார்ட பெண்சாதி கண்ணூறு கழிச்சுப்போட்டா' எண்டா? என்ட வேல போயிரும் போடியார்!"

"எங்களுக்கு இரிக்கிற இடமே போயிரும் ஐயா," என்றார் போடியார்.

இருவரும் முகைதீன்பாவாவைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவினார்.

"இஞ்ச பாருங்க தம்பி. துரைக்கு என்ன வேணும்? ஒண்டு வெல்லணும். நல்ல பழமெல்லாம் இந்தா ஒரே குவியலில கிடக்கு. அதுதான் வெண்டது. மத்த ரெண்டும் தோத்தது. இதில பொய் எங்க இரிக்கு? நல்லதை நல்லதெண்டுதானே சொல்றம்."

வல்லிபுரத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தூரத்தில் வாவியில் துரையின் தோணிப்பாய் தெரிந்தது. பிடித்துப்போனது.

"சரி. ஆனா வெண்ட குவியலுக்கு எந்த இனத்தின்ட பேரை வைக்கிறது?"

"நடுவிலாள்ட பேரை வைங்க," என்றார் போடியார். "பாவம், சீதனம் பிரிக்கக்குள்ள அவளுக்குத்தான் பள்ளக்காணி விழுந்தது."

எல்லாம் ஒருவாறு சரியாகிவிட்டது. வல்லிபுரம் துரையை எதிர்கொள்ளக் கரைக்கு ஓடினான். முகைதீன்பாவா லுஹர் தொழுகைக்காக மரநிழல் தேடிப் போனார். போடியார் சேறும் சுண்ணாம்புமாக இருந்த கைகால்களைக் கழுவ வாவியில் இறங்கினார். முழங்காலளவு தண்ணீரில் நின்றபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவருக்கு மூச்சு முழுதாக வந்தது. பேமிற் வந்தால் வாடிக்குப் பதில் ஒரு மண்வீடு. வாசலை வாவிப் பக்கம் வைக்கலாம். அன்னப்பூரணிக்கு ஒரு குசினி.

திரும்பி வந்தபோது மூன்று குவியலையும் காணவில்லை.

வாடி நிழலில் புதுப்பாய் விரித்து, அதன்மேல் ஒரே கோபுரம்! பெரிய பழங்கள் அடியில், சின்னவை மேலே, உச்சியில் வெற்றிலையும் ஒரு செவ்வரத்தம்பூவும். பொட்டெல்லாம் சுரண்டிப் பளபளக்கத் துடைத்திருந்தது. கோயிலில் மடைப் படையல் வைக்கிற அதே ஒழுங்கு. பக்கத்தில் அன்னப்பூரணி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். நேற்றுச் செய்த பிழைக்குப் பரிகாரம் செய்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில்.

"பெரிய மனுசர் வாற இடத்தில பழத்த மணலுக்க கொட்டி வெக்கிறதா? ஆம்புளைகளுக்கு ஒண்டுமே தெரியாது. எப்படி இரிக்கு?"

போடியார் வாயைத் திறந்தார். அதற்குள் துரை வந்துவிட்டார்.

உயரமான, வெயிலில் சிவந்த துரை. பின்னால் பியூன் ஹமீட் மடக்குக் கதிரையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். கதிரை விரிந்தது. துரை அமர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். வல்லிபுரமும் கோபுரத்தைப் பார்த்தான்.

"முதலாம் இனம்?" என்று துரை கேட்டிருக்க வேண்டும். வல்லிபுரம் கோபுரத்தின் இடப்பக்கத்திலிருந்து ஒன்றை உருவினான். வெட்டினார்கள். துரை சுவைத்தார், புருவம் உயர்ந்தது. அருமை! அதே பக்கத்திலிருந்து இன்னொன்று கேட்டார். சுவைத்தார், புருவம் இறங்கியது. ருசி வெறும் கெக்கரி.

இரண்டாம் இனம். வலப்பக்கம். முதல் பழம் சப்பென்று இருந்தது, அடுத்தது தேன்.

மூன்றாம் இனம். உச்சிப் பூவைத் தள்ளிவிட்டு எடுத்தான். ஒன்று தேன், ஒன்று தண்ணீர், ஒன்று இரண்டும் இல்லை.

போடியார் துரையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு துண்டும் உள்ளே போகும்போது அவர் தொண்டையும் கூடவே விழுங்கியது. தொழுது முடித்து வந்த முகைதீன்பாவா கோபுரத்தைக் கண்டதும் வந்த வழியே திரும்பி நடந்தார்.

கடைசியில் துரை கைக்குட்டையால் வாயைத் துடைத்து, நீளமாக எதையோ சொன்னார். சொல்லும்போது திடலை ஒருமுறை சுற்றிப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு எழுந்து கரையை நோக்கி நடந்தார்.

"என்ன ஐயா சொல்றார்?"

வல்லிபுரம் அதில் பாதியைத்தான் தமிழாக்கினான். "மூண்டும் ஒண்டுதானாம். எதையும் வெண்டதெண்டு எழுத ஏலாதாம். வாற வருசம் இந்தத் திடலிலயே மறுகா நட்டுச் சோதின செய்யட்டாம்."

"அப்ப பேமிற்?"

"பேமிற்றா? ஒண்டு வெல்லாம என்னெண்டு எழுதுவார்?" என்று சொல்லிவிட்டு அவன் துரையின் பின்னால் ஓடினான்.

போடியார் கோபுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடியும் குடம். மறுபடியும் மேடு. வாசல் வாவிப் பக்கம் வைத்த மண்வீடு மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீருக்குள் போனது.

அன்னப்பூரணியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் நல்லதுக்கெண்டுதானே..." என்று தொடங்கினாள்.

"ஓம்கா," என்றார் அவர். கோபிக்கவும் தெம்பு வேண்டும்.

அவள் துரை மிச்சம் வைத்த பழத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். இத்தனை மாதத்தில் போடியார் ருசி பார்ப்பது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

"இது எவள்?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"ஆருக்குத் தெரியும்?"

கதிரையை எடுக்க ஹமீட் திரும்பி வந்தான். இருவரும் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு நின்றான்.

"என்ன போடியார், மையத்து வீட்டில இரிக்கிற மாதிரி இரிக்கீங்க?"

"பேமிற் போச்சு ஹமீட். ஒரு பழமாவது வெண்டிருக்கலாம்."

ஹமீட் கதிரையை மடக்கித் தலையில் வைத்தான்.

"வெண்டிருந்தா அந்தப் பேமிற், மட்டக்களப்பு வாடிவீட்டில தங்கிக் காத்துக்கிட்டு இரிக்கிற கொழும்புக் கொம்பனிக்காரருக்குத்தான் போயிரிக்கும் போடியார், சோதின முடியாமக் கிடக்கிற வரைக்கும் உங்கள இந்தத் திடலை விட்டு எழுப்ப அந்தத் துரையாலயும் ஏலா!"