மணிக்கு முப்பத்தைந்து மைல்

"எடுத்துக்கிட்டுப் போங்க. என்னையும் சேர்த்தே எடை போட்டுக்குங்க" என்றாள் எட்னா.

பழைய இரும்பு சேகரிக்க வந்த லாரிக்காரர்கள் இருவரும் கையில் சங்கிலியோடு விழித்தார்கள். ஷெட்டுக்குள் நின்ற கூரையில்லாத கறுப்பு ஃபோர்டு வண்டியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் எட்னா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பாத்திரம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை வரச்சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவளுடைய கணவர் ஹார்லன் குவிம்பிதான். எட்னா சர்ச்சுக்குக் கம்பளி பின்னப் போயிருப்பாள், திரும்பி வரும்போது ஷெட் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அவள் போகவில்லை.

"எட்னா, இறங்கு. போருக்கு இரும்பு வேணும். நாட்டுக்காகக் கொடுக்கறோம்."

"நாட்டுக்குக் கொடுத்தாச்சு" என்றாள், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லாரிக்காரர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். முன் ஜன்னலில் தொங்கிய தங்க நட்சத்திரத்தை அவர் வரும்போதே பார்த்திருந்தார். மகனைப் போரில் இழந்த வீடுகளில்தான் அது தொங்கும்.

மகன் பெயர் லோவெல். குப்பையில் கிடந்த உதிரிகளைப் பொறுக்கி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அவன் கட்டிய வண்டி இது. மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலைவனத்துக் காய்ந்த ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அங்கே அவனைப் போன்ற பைத்தியங்கள் கூடி, யார் வண்டி அதிக வேகம் போகிறது என்று பார்ப்பார்கள். ஹார்லன் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்காமலே மூன்று வருடமும் சண்டை போட்டார். ஜூலையில் சிசிலியில் லோவெல் இறந்துபோனான். தந்தி வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஷெட்டைத் தாண்டித்தான் ஹார்லன் தினமும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அவரால் முடியவில்லை.

"இது ஓடாத வண்டி. வெறும் தகரம்" என்றார் லாரிக்காரரிடம்.

"ஓடும்" என்றாள் எட்னா.

"ஓடுற வண்டின்னா நாங்க தொடக்கூடாது சார். விதி."

விதி என்ற சொல்லைக் கேட்டால் ஹார்லனுக்குத் தலை தானாகக் குனியும். அவர் ரேஷன் அலுவலகத்தில் இருந்தார். ஊரில் யாருக்கு டயர், யாருக்கு எத்தனை கேலன் பெட்ரோல் என்று விதியைப் பார்த்துச் சொல்பவர் அவர்தான். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்.

"சரி, டெல்மரைக் கூப்பிட்டுக் கேட்டுருவோம்" என்றார் தைரியமாக. வண்டியில் பேட்டரி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

டெல்மர் லோவெலின் சிநேகிதன். கப்பற்படையிலிருந்து இடது காலில் மாவுக்கட்டோடு திரும்பி வந்து எதிர்வீட்டில் இருந்தான். விஷயத்தைக் கேட்டான். நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனான். தன் அம்மா காரின் பேட்டரியோடு நொண்டிக்கொண்டே வந்தான்.

அடுத்த நிமிடம் ஷெட் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலியைத் தாண்டிப் பறந்தன. மூன்றாம் வீட்டு மிசஸ் ஹப்பர்ட், விமானத் தாக்குதல் என்று நினைத்துச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

லாரிக்காரர் காகிதத்தில் 'ஓடும் வண்டி' என்று எழுதிவிட்டுப் போனார்.

ஓடும் வண்டி என்று எழுத்தில் வந்தபிறகு அதை ரேஷன் அலுவலகத்தில் பதிய வேண்டும். தன் விண்ணப்பத்தைத் தானே பார்ப்பது முறையல்ல என்று ஹார்லன் மறுநாள் பக்கத்து மேசையின் வரிசையில் போய் நின்றார். அந்த மேசையில் மிஸ் ப்ரூயிட் இருந்தாள். அவளுடைய அண்ணனுக்கே டயர் இல்லை என்று சொன்னவர் ஹார்லன்.

"வண்டி எதுக்குப் பயன்படுது மிஸ்டர் குவிம்பி?"

"எதுக்கும் இல்ல."

"அப்ப டயரைக் கழற்றிக் கொடுத்துருங்க."

"கழற்ற முடியாது. என் மனைவி வண்டியில உட்கார்ந்திருக்கா."

"நேத்துலேர்ந்தா?"

"தூங்கறதுக்கு மட்டும் இறங்கறா."

மிஸ் ப்ரூயிட் பேனாவை வைத்தாள். பிறகு எழுதினாள். "வேலைக்கு வந்துபோகன்னு போட்டிருக்கேன். டயர் தப்பிச்சுது. ஆனா இனிமே நீங்க இந்த வண்டியிலதான் வரணும். விதி."

அவள் நல்லது செய்தாளா பழி தீர்த்தாளா என்று ஹார்லனுக்குக் கடைசி வரை புரியவில்லை.

திங்கள் முதல் அந்தக் கறுப்பு வண்டி வேலைக்குப் போனது. பக்கத்து இருக்கையில் எட்னா. போர்க்காலச் சட்டம் மணிக்கு முப்பத்தைந்து மைல். ஹார்லன் முப்பதைத் தாண்டவில்லை. அந்த வேகத்தில் ஓடிப் பழகாத இன்ஜின் இருமியது, செருமியது, தெருவுக்குத் தெரு வெடித்தது. டயர் இல்லை என்று அவர் திருப்பியனுப்பிய டாக்டர், பெட்ரோல் இல்லை என்று திருப்பியனுப்பிய பாதிரியார், எல்லாரும் நடைபாதையில் நின்று பார்த்தார்கள். பாதிரியார் கையசைத்தார்.

வெள்ளிக்கிழமை ஹார்லன் கெஞ்சினார். "என்ன பண்ணா நீ இறங்குவே?"

"அவன் ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க போனான், என்ன பண்ணான்னு நான் பாக்கணும். ஒரே ஒரு தடவை அங்க ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் உருக்கிக்குங்க."

டெல்மர் சொன்னான்: "மூணு வாரம் கழிச்சு லீவுல வந்தவங்க எல்லாம் கூடறாங்க சார். அதான் கடைசி. அந்த ஏரியையும் ராணுவம் எடுத்துக்கப் போகுது."

"பெட்ரோல்?"

"உங்களுக்குத் தெரியாத பெட்ரோலா சார்?"

ஹார்லனுக்குத் தெரிந்த பெட்ரோல் வாரத்துக்கு மூன்று கேலன்தான். ஒரு சொட்டு கூடுதலாக எடுக்க அவருக்கு மனசு வராது. சேமிக்க ஒரே வழிதான் இருந்தது. வண்டியோடுதான் வரவேண்டும் என்பது விதி. இன்ஜின் ஓடவேண்டும் என்று விதியில் இல்லை. மூன்று வாரமும் ஹார்லன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போனார். எட்னா ஸ்டியரிங் பிடித்தாள். டெல்மர் பின்னால் நொண்டியபடி, "லெஃப்ட்ல ஒடிங்கம்மா" என்று குரல் கொடுத்தான். இரண்டாவது வாரம் டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு கை கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று வாரமும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை வெளேரென்று வெடித்த களிமண். முப்பது வண்டிகள் இருக்கும். பாதிப் பேர் சீருடையில் இருந்தார்கள். பந்தயத் தூரத்தின் முடிவில், கிழிந்த குடைக்கு அடியில், ஓப்பல் என்ற நடுத்தர வயதுப் பெண்மணி சிகரெட்டும் தடித்த நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். யார் எவ்வளவு வேகம் போனார்கள் என்று வருடக்கணக்காக எழுதிவருபவள் அவள்தான்.

"டெல்மர், நீ ஓட்டு" என்றார் ஹார்லன்.

டெல்மர் மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினான். "கிளட்சை எதால மிதிக்கிறது சார்?"

எட்னா வண்டியை விட்டு இறங்கினாள். மூன்று வாரமாக ஹார்லன் வேண்டியது அதுதான். இப்போது அவள் இறங்கியதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

கொடி இறங்கியது. ஹார்லன் சரியாக முப்பத்தைந்தில் போனார்.

"தாத்தா, நடந்தே போயிரலாம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

ரயில் நிலையத்தில் லோவெலிடம் கடைசியாகச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. மற்ற அப்பாக்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர், "அங்கயாவது மெதுவாப் போ" என்றார். "சரிப்பா" என்றான் பையன். அவனுடைய அதிகாரி பிறகு கடிதம் எழுதியிருந்தார். சாலையில் வரிசையாக நின்றிருந்த லாரிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தானாம். குண்டு விழுந்தபோது வண்டி ஓடவே இல்லையாம்.

ஹார்லன் காலை அழுத்தினார்.

இருமல் நின்றது. இன்ஜின் ஒரே குரலில் பாட ஆரம்பித்தது. தொப்பி பறந்தது. மலையும் வானமும் சேர்ந்து நடுங்கின. அவர் வாய்விட்டு ஏதோ கத்தினார், தன் காதிலேயே அது விழவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் காலை எடுக்கவேண்டும் என்ற நினைப்பே வந்தது.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெள்ளைப் புழுதி. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. எட்னா கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"புழுதி" என்றார்.

"ஆமா" என்றாள்.

இருவரும் குடைக்கு நடந்தார்கள். ஓப்பல் நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்தாள். "தொண்ணூத்தி நாலு மைல். பெருசுக்குப் பரவாயில்லையே."

"என் பேர் வேண்டாம்மா. லோவெல் குவிம்பின்னு எழுதுங்க. அவன் வண்டி."

"லோவெலா?" ஓப்பல் நோட்டைப் பின்னால் புரட்டினாள். "அந்தப் பேர்ல யாரும் ஓட்டினதே இல்லையே. இதோ இந்த வண்டி. நூத்தி நாலு, ஹார்லன் குவிம்பி. நூத்தி ஒம்பது, ஹார்லன் குவிம்பி. நூத்திப் பதினேழு, ஹார்லன் குவிம்பி. மூணு வருஷமா இதே பேர்தான். நான் அந்த மனுஷனை ஒரு நாளும் பாத்ததில்ல."

ஹார்லன் நோட்டின் மேல் குனிந்தார்.

"இவர்தான்" என்றாள் எட்னா.

ஓப்பல் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா சார்? நானும் ஒவ்வொரு தடவையும் கேப்பேன், ஓட்டறது நீ, உன் பேரை எழுத வேண்டாமாடான்னு. பையன் சிரிப்பான். 'எங்கப்பா பேரையே எழுதுங்க, பாவம், அவரும் வாழ்க்கையில வேகமாப் போகட்டும்'பான்."