அக்கா கல்யாணத்தில் இறங்கிப்போன கிட்டார்

நன்றாக இருக்கும் ஒரு பொருளை, அது நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சும்மா விட்டுவிடும் மனிதர்களும் உலகத்தில் உண்டு. எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர எல்லோரும் அந்த ரகம். நான் டார்ச் லைட்டை வாங்கிய அன்றே கழற்றிப் பார்த்தவன். கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணி மிச்சமானது. (கடிகாரம் அது இல்லாமலேயே ஓடியது. அந்தத் தைரியம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் மூலம்.)

முதலில் வருஷத்தைச் சரிசெய்துவிடுகிறேன். அம்மா இந்தக் கதையை எப்போதும் “ரெண்டாயிரத்துல” என்று தொடங்குவாள். தவறு. எலக்ட்ரிக் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தது 2002 ஆகஸ்டில். எஸ்தர் அக்காவின் கல்யாணம் அதே ஆண்டு நவம்பரில், அடைமழை கொஞ்சம் இடைவெளி விட்ட ஒரு வாரத்தில். கிட்டார் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது இங்கே முக்கியம்.

எங்கள் காலனி உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற பக்கம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலையில் சேர்ந்திருந்தேன். சென்னையில் வாங்கிய கிட்டாரோடு நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, காலனியில் பாதிப் பேர் என்னோடு வீடுவரை நடந்து வந்தார்கள். எங்கள் காலனியின் முதல் எலக்ட்ரிக் கிட்டார் அது. அந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்கு முதுகு தானாக நிமிர்கிறது.

எங்கள் சர்ச்சில் அதுவரை ஒரு டோலக், ஒரு டாம்பரின், அவற்றுக்கு மேல் ராகேல் பெரியம்மா. அவள் எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறாளோ அதுதான் சபையின் சுருதி. அது எப்போதும் வேப்பமரத்து உச்சியில் இருக்கும். பெண்கள் எப்படியோ எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஆண்கள் வரிசை உதட்டை மட்டும் அசைக்கும். மூட்டை தூக்குகிற, ஏர் ஓட்டுகிற அந்தத் தொண்டைகள் அந்த உயரத்துக்கு ஏறாது.

கிட்டார் வந்ததும் நான் பெரியம்மாவிடம் மரியாதையாகச் சொன்னேன்: இனிமேல் கிட்டார் காட்டும் சுருதியில்தான் பாட வேண்டும். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மாறாக, அதை ஒரு கட்டளையாகவே பெண்களிடம் அறிவித்துவிட்டாள். “தே, எல்லாம் கேட்டுக்குங்க. கிட்டாரு எங்க போவுதோ நாமளும் அங்கதான் போணும். தனியா எவளாவது மேல நின்னுக்கினு இருந்தா, அப்பறம் கீது.” மூன்று மாதத்துக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அதில் பட்டாளத்துக்காரர்கள்போலத் தேறிவிட்டார்கள். (சுருதியைப் பெரியம்மாவின் உயரத்திலேயே நான் வைத்திருந்ததால், ஆண்கள் அப்போதும் உதட்டைத்தான் அசைத்தார்கள்.) அந்தப் பயிற்சிக்கான பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். பின்னால் வந்த அழிவின் விதையும் அதில்தான் இருந்தது.

இப்போது கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெரம்பூர். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்க சர்ச்சுல மியூசிக்கெல்லாம் இருக்குமா? இல்ல நாங்களே பாடறவங்களக் கூட்டினு வரட்டுமா?” என்று கேட்டார். கேட்ட விதம் கெட்ட விதமில்லை. ஆனால் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “வாணாம் அத்த. எங்க ஆளுங்க பாடுவாங்க. என் தம்பி எலக்ட்ரிக் கிட்டாரு வச்சிக்கினு கீறான்” என்று அங்கேயே சொல்லிவிட்டாள். கடைசியில் மாப்பிள்ளையின் மச்சான் முறையான சாலமன் தன் கீபோர்டோடு வந்து துணைக்கு வாசிப்பதாக ஒப்பந்தமானது. பெண் நுழையும்போது பாடும் பாட்டு மட்டும் முழுக்க எங்கள் பொறுப்பு.

அன்றிரவு அக்கா என்னைக் கூப்பிட்டு, “இத மட்டும் கெடுத்த, உன்ன நான் கல்யாண போட்டோல நிக்க வுடமாட்டேன்” என்றாள். (எல்லாப் போட்டோவிலும் நிற்க வேண்டும் என்று சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன்.)

பயிற்சி அதிகமானதும் எனக்கு விரல் வலித்தது. கம்பிகள் விரல் அழுத்தும் கட்டையிலிருந்து கொஞ்சம் உயரமாக நிற்பதால்தான் இந்த வலி என்று கண்டுபிடித்தேன். நடைபாதைக் கடையில் கிட்டார் பராமரிப்பைப் பற்றிய பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. அதை இரண்டு முறை படித்திருந்தேன். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், “பழக்கமில்லாதவர்கள் இதற்கு மேல் தொடாதிருப்பது நலம்” என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அது மற்றவர்களுக்கான எச்சரிக்கை என்று தாண்டிப்போனேன்.

அந்தக் கிட்டாரின் அமைப்பு இப்படி: கம்பிகள் வந்து முடிகிற பாலம் ஆணி அடித்ததுபோல் நிலையாக இருக்காது. தராசுபோல ஆடும். முன்பக்கம் ஆறு கம்பிகள் அதை இழுக்கும். பின்பக்கம், கிட்டாரின் வயிற்றுக்குள், ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கும். ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகடு இரண்டு ஸ்க்ரூக்களால் மரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். நான் அந்த ஸ்க்ரூக்களைத் திருகினேன். கம்பி தாழ்ந்தது, சுருதி போயிற்று. சுருதி சேர்க்க ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் தளர்ந்தன. அவற்றை முறுக்கினால் முதலாவது தளர்ந்தது. கயிற்றுக் கட்டிலில் ஒரு மூலையை இழுத்துக் கட்டினால் இன்னொரு மூலை தொங்குமே, அதே கதை. நான் மறுபடியும் ஸ்க்ரூவைத் திருகினேன். கம்பி உயர்ந்தது. மறுபடியும் திருகினேன். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் இதே வேலை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்ற ஆரம்பித்தது. திருகித் திருகி மரத்தின் ஓட்டை அகன்று, தூளாக உதிர்ந்தது. நான் கலங்கவில்லை. தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிவிட்டு, பசையில் தோய்த்து, ஓட்டையில் திணித்து, அதன்மேல் ஸ்க்ரூவை இறுக்கினேன். பசை காய ஒரு முழு நாளாவது விட வேண்டும் என்று பசை டப்பாவிலேயே போட்டிருந்தது. காலையில் பத்து மணிக்குக் கல்யாணம். கிட்டாரை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

அம்மா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே, “இன்னாடா இது, அதுக்குக் குளுருதா?” என்றாள்.

“பசை காயணும்மா.”

“ஒரு வாரமாப் போட்ட வறட்டியே காயல. உன் பசைதான் காயப்போவுதா?”

காலையில் மீட்டிப் பார்த்தேன். சுருதி அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் நான் என்னை அவ்வளவு மெச்சிக்கொண்ட காலை வேறில்லை.

சர்ச் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் பெரம்பூர், இன்னொரு பக்கம் எங்கள் ஜனம். வாசலில் அக்கா வெள்ளைச் சேலையும் முக்காடுமாக அப்பாவின் கையைப் பிடித்து நின்றாள். போதகர் தலையசைத்தார். நான் தொடங்கினேன். மைக்செட்காரர் வைத்திருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாக அது ஏரிக்கரைவரை கேட்டிருக்கும். பெரியம்மாவும் பெண்களும் எடுத்தார்கள். சாலமன் கீபோர்டில் இழைந்தார். முதல் சரணம் முடியும்வரை, சத்தியமாகச் சொல்கிறேன், அது அற்புதமாக இருந்தது. பெரம்பூர் அத்தை தன் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டியதை நானே பார்த்தேன்.

இரண்டாம் சரணத்தில் கிட்டாரின் வயிற்றுக்குள் ஏதோ நெகிழ்ந்தது. பசை இளகி, தகடு மரத்திலிருந்து மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. ஒரு கம்பி மட்டும் போயிருந்தால் அபஸ்வரம் கேட்டு எல்லோரும் நிறுத்தியிருப்பார்கள். ஆறும் ஏறக்குறைய ஒன்றாக, கௌரவமாக, கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கின.

பெரியம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் இறங்கினாள். அவளோடு எல்லாப் பெண்களும். ஒருத்திகூட மேலே நிற்கவில்லை.

தவித்தது சாலமன் மட்டும்தான். கீபோர்டு இறங்காதே. ஒரு பொத்தானைத் தட்டிச் சுருதியை ஒரு படி குறைத்தார். அவர் சரிசெய்து முடிப்பதற்குள் நாங்கள் இன்னும் கீழே போயிருந்தோம். மறுபடியும் தட்டினார். பெரியம்மா அவரை, வரிசையில் நிற்கத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

அக்கா பாதி வழியில் இருந்தாள். மணப்பெண் வேகமாக நடக்க முடியாது. முக்காட்டுக்குள்ளிருந்து அவள் கண் என்மேல் நின்றது. போட்டோவில் என் இடம் காலியாவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் சரணத்தில் உள்ளே ‘டக்’ என்றது. சுருதி அடிமட்டத்துக்குப் போய்ப் படுத்துவிட்டது. பெண்களுக்கு அங்கே குரலே இல்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக வெறும் காற்றாகிப் போனார்கள். பெரியம்மா கடைசியாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு நிற்கப்போகிறது. அக்கா இன்னும் பீடத்துக்கு வந்து சேரவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. இடிபோல இல்லை, நெல் மில் ஓட ஆரம்பிக்கும்போது தரை அதிருமே, அப்படி. ஆண்கள் வரிசை. இத்தனை வருஷம் உதட்டசைத்த மனிதர்களுக்கு முதல்முறையாகத் தங்கள் தொண்டைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு பாட்டு கிடைத்திருந்தது. விட்டார்களா? மொத்தச் சரணத்தையும் நெஞ்சிலிருந்து எடுத்துப் பாடினார்கள். அக்காவின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த அப்பாவும் பாடினார். அவர் பாடி நான் கேட்டது அன்றுதான். கடைசி வரியில் அக்கா பீடத்தை அடைந்தாள். போதகர் சற்று நேரம் புத்தகத்தைத் திறக்க மறந்து நின்றார்.

பிரியாணிப் பந்தலில் பெரம்பூர் அத்தை நேராக என்னிடம் வந்தார். “மொதல்ல லேடீஸ், அப்பறம் ஜென்ட்ஸ்னு கொஞ்சம் கொஞ்சமா எறக்கினீங்களே, எங்க சர்ச்சுல கூட இப்பிடி கேட்டதில்ல தம்பி. யாரு செட் பண்ணது?”

“நான்தாங்க” என்றேன். அது பொய்யில்லை.

அத்தை போகும்வரை சாலமன் பொறுத்திருந்து என் காதருகே குனிந்தார். “கிட்டாருக்குப் பின்னால ஒரு ஸ்பிரிங் தொங்குது பாஸ். எடுத்து பாக்கெட்ல போடு.” நல்ல மனிதர். ரகசியத்தை அன்று மாலையே அக்காவிடம் சொல்லிவிட்டார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போட்டோவில் நான் இருக்கிறேன். ஓரத்தில்தான், ஆனால் முழுசாக.

பிறகு அந்த ஓட்டையை அகலமாக்கி, தேக்குக் கட்டை ஒன்றைச் செதுக்கி இறக்கி, பசை தடவி, ஒரு வாரம் தொடாமல் வைத்து, ஸ்க்ரூவை மாட்டினேன். பாலம் ஆடாமலிருக்க அடியில் இன்னொரு கட்டை. இன்றுவரை சுருதி அசையவில்லை.

ஆனால் பாட்டு அசைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் சபையில் அந்தப் பாட்டை இப்போதும் அப்படித்தான் பாடுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் புதிதாக வந்த கீபோர்டு பையன் ஒரே சுருதியில் வாசித்துக்கொண்டு போக, ராகேல் பெரியம்மா பாதியில் நிறுத்தி, “ரெண்டாவது சரணத்துலருந்து எறங்கணும்பா. அதான் மொற” என்று திருத்தினாள். பெரம்பூரிலும் இரண்டு கல்யாணங்களில் அப்படியே பாடியிருக்கிறார்கள்.

அக்கா ஊருக்கு வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பக்கத்து வரிசையில் நிற்பாள். இரண்டாம் சரணம் முடியும்போது பின்னால் ஆண்கள் ஒவ்வொருவராகத் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்கும். அவள் திரும்பாமலேயே சொல்வாள்:

“வருது பார்றா, உன் ஸ்க்ரூ.”