கோடு போட்ட கிணறும் பிளீச்சிங் அக்காவும்

உலகத்துச் சுகாதார மந்திரிகளையெல்லாம் ஒரு தட்டிலும் பிளீச்சிங் அக்காவை மறு தட்டிலும் உட்கார வைத்தால், அக்காவின் தட்டுதான் தரையைத் தொடும். எடையிலும் சரி, செயலிலும் சரி.

எண்பதுகளில் நாங்கள் இரும்புலியூரில் குடியிருந்தபோது அக்காதான் எங்கள் தெரு மகளிர் மன்றத் தலைவி. போட்டியிட எழுந்த ஒரே பெண்மணியையும் "ஒக்காரும்மா, கால் வலிக்கும்" என்று உட்கார வைத்துவிட்டார். கையில் பிளீச்சிங் பவுடர் வைத்த ஒயர் கூடை, கழுத்தில் விசில். தண்ணீர் லாரி வந்தால் குடங்களுக்கு நடுவே நின்று ஊதுவார். சண்டை போட்டவரின் குடம் வரிசைக் கடைசிக்குப் போய்விடும். ஒருமுறை சண்டையை விலக்கப் போன என் அப்பாவின் குடமும் போனது.

"நியாயம் பேசறதுக்கும் வரிசை கீது சார்" என்றார் அக்கா. அன்று முழுவதும் அப்பா வீட்டில்கூட நியாயம் பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓட்டு வீட்டுக்காரருக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் பொதுவாக ஒரு கிணறு. இருவரும் பங்காளிகள், அதனாலேயே பேச்சுவார்த்தை கிடையாது. மதில் சுவர் கிணற்றின் விளிம்பில் முட்டி நின்று, எதிர் விளிம்பிலிருந்து மறுபடி தொடரும். ஆளுக்கொரு ராட்டினம், ஆளுக்கொரு வாளி. உள்ளே வாளிகள் இடித்துக்கொண்டால் மேலே ஆட்களும் இடித்துக்கொள்வார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை நிரம்பிக் கிணற்றில் இறங்கியது. கொஞ்ச நாளில் ஓட்டு வீட்டில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. மாடி வீட்டு மருமகளுக்கோ அது ஏழாம் மாதம். பிள்ளைத்தாச்சிக்கு அந்த நோய் வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அக்கா கூடையோடு ஓடி வந்தார். மாடி வீட்டுக்காரர் வழியை மறித்தார்.

"மருந்து நாத்தம் தாங்காதும்மா. வியாதி அவங்க வீட்லதானே? அவங்க பக்கம் மட்டும் போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்டியே ஆவட்டும்ணா" என்று ஓட்டு வீட்டுக்குப் போனார்.

"போடும்மா. ஆனா எங்க மருந்து அவன் பக்கம் போவக் கூடாது" என்றார் ஓட்டு வீட்டுக்காரர்.

"நான் பாத்துக்கறேன்ணா."

அக்கா சுண்ணாம்புக் கட்டியால் கைப்பிடிச் சுவரில் இரு பக்கமும் கோடு போட்டார். கரைத்த மருந்தை ஓட்டு வீட்டுப் பக்கமாகவே பயபக்தியோடு இறக்கினார். பிறகு குனிந்து கிணற்றுக்குள் ஒரு விசில் அடித்து, "இந்தாண்டயே இருக்கணும், இன்னா?" என்று தண்ணீரை மிரட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மாடி வீட்டுக்காரர் வாளியும் கையுமாகக் கத்தினார். "எங்க பக்கமும் நாறுதே."

அக்கா எட்டிப் பார்த்தார். "தண்ணிக்குக் கோடு தெரியல போலக் கீதுண்ணா. அந்தாண்ட வியாதியும் இப்டித்தான் இந்தாண்ட வந்துருக்கும். உன் மருமவ குடிக்கறது இந்தத் தண்ணிதானே?"

பின்வாசலில் அந்தப் பெண் வயிற்றில் கை வைத்தபடி நின்றிருந்தாள். மாடி வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்து, பல வருஷத்துக்குப் பிறகு பங்காளியிடம் வாயைத் திறந்தார்.

"டேய், உங்க வீட்ல இப்ப எப்டி இருக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் நின்றது. பிறகு குரல் வந்தது. "தேவல. நீ அந்தப் பொண்ணுக்குத் தண்ணிய காய்ச்சிக் குடுடா."

அக்கா விசிலை எடுத்தார். ஊதாமல் முந்தானையில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மாசியில் மாடி வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. முதல் சர்க்கரை ஓட்டு வீட்டுக்குப் போனது. அதன்பின் மருந்து போடும் நாளில் "எங்க பக்கம் மொதல்ல" என்று இரண்டு வீட்டிலும் போட்டி. அதற்கும் அக்கா விசில் ஊத வேண்டியிருந்தது.

இப்போது என் வீட்டில் கேன் தண்ணீர், வாசனையே கிடையாது. எங்காவது குழாய்த் தண்ணீரில் அந்த நெடி அடித்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் மட்டும் அக்கா வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்க்கிறேன்.