பட்டாணிக்குப் பிடித்த விபூதி

கிரிவலப் பாதையில் அன்றைக்கு மனிதர்களைவிட நாய்கள் அதிகம். லாப்ரடார் ஒன்று நடக்கப் பிடிக்காமல் ஆட்டோவில் வந்து இறங்கியது. பொமரேனியன் ஒன்று பட்டுப்பாவாடையில் வந்தது. தெரு நாய்கள் சும்மா வேடிக்கை பார்த்தன. அவற்றுக்குத் தோஷமே பிடிப்பதில்லை, போட்டதைத் தின்றுவிடுகின்றன.

எல்லாம் தகரக் கொட்டகை பைரவச் சித்தருக்காக. சோறு தின்னாத நாயைத் தின்ன வைப்பார். ஒரு சிட்டிகை விபூதி, ஒரு முணுமுணுப்பு, தட்டு காலி! நாய் மட்டும் முந்தின நாள் முழுக்க விரதம் இருந்துவிட்டு வரவேண்டும். பட்டினி கிடந்த நாய் தின்பதில் என்ன அதிசயம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கேட்டவருக்கும் தோஷம்.

வரிசையில் நின்ற கவியாவின் கையில் நாய்க்குட்டி பட்டாணி. பக்கத்தில் கணவன் கோபி, அவன் கையில் அவளுடைய துணிப்பை. பைக்குள் மூன்று மாதத்துக்கான புடவைகள்.

கல்யாணமான புதிதில், கோபி ஆசையாய் வாங்கி வந்த குட்டி அது. வேங்கிக்கால் வீட்டில் எதை வைத்தாலும் மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாமியார் ராணியம்மாள் சித்தரிடம் தூக்கிப் போனாள். விபூதி தூவிய சோற்றைப் பட்டாணி அள்ளித் தின்றது. கொடுத்தனுப்பிய பொட்டலம் தீரும்வரை வீட்டிலும் தின்றது. தீர்ந்தது, மறுபடியும் வேலைநிறுத்தம். ராணியம்மாள் திரும்ப ஓடினாள். சித்தர் புதுப் பொட்டலத்தோடு ஒரு தீர்ப்பும் கொடுத்தார்.

"வீட்டுக்குப் புதுசா வந்த கால் சரியில்ல. மருமக மூணு பௌர்ணமி தாய் வீட்ல இருக்கட்டும்."

ஆகவே சித்தரிடம் ரட்சைக் கயிறு கட்டிக்கொண்டு, அப்படியே தாய் வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. இன்றைக்கு வைத்தியம் மருமகளுக்கு என்பதால் பட்டாணிக்கு விரதம் இல்லை.

"மூணு மாசந்தானே கவி. ஞாயித்துக்கிழமையானா வந்துடறேன்" என்று கோபி கிசுகிசுத்தான்.

"நாய் சாப்பிடலன்னா என்னை அனுப்புறீங்க. நாளைக்கு நீங்க சாப்பிடலன்னா யாரை அனுப்புவாங்க?"

கோபி பையைக் கை மாற்றிக்கொண்டான்.

கவியாவுக்குக் காலையில் பார்த்த காட்சி மனதைக் குடைந்தது. ராணியம்மாள் விபூதியை நெற்றி நிறையப் பூசி, நாக்கிலும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு பட்டாணியைத் தூக்கினாள். சோற்றைக் கண்டால் முகம் சுளிக்கிற குட்டி, அவள் நெற்றியைப் பளபளவென்று நக்கி எடுத்துவிட்டது. "பைரவர் ஆசீர்வாதம் பண்றார்!" என்று மாமியாருக்குக் கண் கலங்கியது. கவியா பொட்டலத்தை மோந்து பார்த்தாள். மேலே ஜவ்வாது மணம். அதற்கு அடியில் ஏதோ தெரிந்த வாசனை.

அவர்கள் முறை வந்தது. கூட வந்திருந்த ராணியம்மாள் முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"சாமி, ரெண்டு தட்டுல சோறு வெக்கறேன். இதுக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. அதுல விபூதி மட்டும் போடறேன். எது பலிக்குதுன்னு பாப்போம்" என்றாள் கவியா.

"தெய்வத்தைச் சோதிக்கிறியா பொண்ணே?"

"தெய்வத்த இல்லீங்க. சோத்த."

கூட்டம் சிரித்தது. எங்கள் ஊரில் கூட்டத்துக்குப் பக்தியும் பிடிக்கும், வேடிக்கை அதைவிட ஜாஸ்தியாகப் பிடிக்கும். "சொல்லுங்க சாமி, சொல்லுங்க!" என்று குரல்கள் எழுந்தன. சித்தர் கண்ணை மூடி நீளமாக முணுமுணுத்தார். பட்டாணி மந்திரச் சோற்றை மோந்தது. வழக்கம்போல் முகத்தைத் திருப்பியது. விபூதிச் சோற்றில் தலையைக் கவிழ்த்தது.

"மந்திரத்தை விபூதியிலதான் ஏத்தியிருக்கேன்" என்றார் சித்தர். குரலில் சுருதி கம்மி.

கவியா எதிர் டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி வந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தை அதில் கொட்டிக் கலக்கினாள். ஆவி எழுந்தது. ஜவ்வாது பறந்தது. மிச்சம் இருந்ததை டம்ளரோடு மாமியார் மூக்கருகே நீட்டினாள்.

"அத்தை, இது இன்னா வாசனை?"

ராணியம்மாளின் கைப்பக்குவம் தெருவுக்கே தெரியும். அந்த மூக்கு ஏமாறாது. கண்கள் விரிந்தன.

"நெத்திலிக் கருவாடு!"

அடுத்த நொடி அலறினாள். "அடப்பாவி! கார்த்திகை விரதம்யா எனக்கு! தினமும் நாக்குல வெச்சேனே! கருவாட்ட நெத்தியில பூசிக்கிட்டு கோயிலுக்கு வேற போனேனே!"

அதற்குள் பட்டினி கிடந்த ஜாதி நாய்கள் எல்லாம் சங்கிலியை இழுத்துக்கொண்டு சித்தரின் மூட்டை மேல் பாய்ந்தன. தோஷமில்லாத தெரு நாய்களும் சேர்ந்துகொண்டன. சித்தர் பாதக்குறட்டை விட்டுவிட்டு வெறுங்காலில் கிரிவலம் ஓடினார். அன்றைக்கு உண்மையான வேண்டுதல் அவருடையதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கவியா விசாரணையை ஆரம்பித்தாள். "அப்ப இவன் ஏன் சாப்பிடல?"

"காலையில ரெண்டு பிஸ்கட்டுதாம்மா குடுப்பேன்" என்றாள் ராணியம்மாள்.

"நான் ஒரு வடை" என்றார் மாமனார் அப்பாதுரை, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

கோபி கூரையைப் பார்த்தான். "சாயங்காலம் கொஞ்சூண்டு பரோட்டா."

வயிறு முட்டித் தின்றவன் தட்டை எதற்குப் பார்ப்பான்? அன்றோடு திருட்டுத் தீனி நின்றது. வேளைக்குச் சோறு, தின்னாவிட்டால் தட்டு உள்ளே போய்விடும். கொஞ்ச நாளில் பட்டாணி தட்டையே கடித்தது. துணிப்பையை அவிழ்த்துப் புடவைகளை அலமாரியில் அடுக்கியவள் ராணியம்மாள்தான்; மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை, மல்லிகைப்பூவாக வந்தது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வேலியோரம் வந்தாள். "ராணி, ஆரணிப் பக்கம் ஒருத்தர் பூனைக்குப் பாக்குறாராமே?"

பட்டாணி ஒரு கவளத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயை வைக்கிறது. அதற்கு அறிவு ஐந்துதான் என்கிறார்கள். ஆறு வைத்திருப்பவர்கள், ஒரு தடவையாவது மோந்து பார்க்கக் கூடாதா?